பாட்டி போனதும் தாத்தா ஏன் பனை ஏறுவதை விட்டார்?

நீங்கள் கேட்டது இது. உங்கள் தாத்தா உடன்குடிப் பக்கத்துப் பனையேறி. 1988இல் பாட்டி இறந்தார். அடுத்த பருவத்திலிருந்து தாத்தா மரம் ஏறவில்லை. அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை, உடம்பிலும் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் சென்னைக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு மாதத்தில் திரும்பிவிட்டார். சாகிறவரை தேரி என்கிற செம்மணல் காட்டோரம், பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசையான பழைய விடிலியிலேயே தனியாக இருந்தார், யாரோடும் அதிகம் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. அவருக்கு மனசு சரியில்லாமல் போனதா, இல்லை வேலை செய்ய மனமில்லையா என்று உங்கள் வீட்டில் இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது. தொழில் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள்.

நான் அந்த வட்டாரத்துக்காரன். எங்கள் அப்பா சின்ன வயதிலேயே கடை வேலைக்குப் போய்விட்டார். பெரியப்பா மரத்தோடு நின்றுவிட்டார். கோடை விடுமுறை முழுக்க எனக்குப் பெரியப்பாவின் விடிலிதான் வீடு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் தாத்தா ஏறுவதை நிறுத்தியதற்கு மனசும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அவருக்கு மனசு எவ்வளவு தெம்பாக இருந்திருந்தாலும் பாட்டி இல்லாமல் அந்தத் தொழில் நடந்திருக்காது. பனைத்தொழில் வெளியிலிருந்து பார்க்க ஒற்றை ஆள் வேலை. உள்ளே அது இரண்டு ஆள் வேலை. இது புரிந்தால் மிச்சம் எல்லாம் புரியும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்னையில் பிறந்த பிள்ளைகளுக்குத் தேரி என்றால் படத்தில் வருகிற செம்மண் மேடு மட்டும்தான் ஞாபகம். திருச்செந்தூர், காயாமொழி, உடன்குடி, சாத்தான்குளம், அந்தப் பக்கம் திசையன்விளை, குட்டம் என்று விட்டுவிட்டுக் கிடக்கிறது இந்தச் செம்மணல். 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதுவரை எல்லாம் ஒரே திருநெல்வேலிச் சீமைதான், இப்போதும் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தாமிரபரணித் தண்ணீர் ஸ்ரீவைகுண்டம் தென்கால் வழியாக எட்டுகிற இடம் வரைக்கும் நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். அது எட்டாத இடத்தில் பனை. அதுதான் எல்லை. தண்ணீர் இருக்கிற பக்கத்து ஆட்களுக்குத் தேரி என்பது களவு போன மாட்டைத் தேடிப் போகிற காடு, இல்லையென்றால் அருஞ்சுனை காத்த அய்யனாரையும் கற்குவேல் அய்யனாரையும் கும்பிட வருஷத்துக்கு ஒரு தடவை போகிற இடம். அங்கேயே குடியிருந்தவர்கள் பனையேறிக் குடும்பங்கள்தான்.

மணல் ஓரிடத்தில் நிற்காது. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்குகிற மேல்காற்று அதைத் தூக்கிக் கிழக்கே தள்ளும். பாதை மூடிப்போகும், வேலி பாதி புதையும். வடலி என்கிற இளம் பனையும் உடைமரமும் கொல்லாமரம் என்கிற முந்திரியும் வேர் பிடித்த இடத்தில்தான் மணல் அடங்கியது. ஒரு வடலி பாளை, அதாவது பூங்குலை, விட பதினைந்து இருபது வருஷம் ஆகும். ஆக, உங்கள் தாத்தா ஏறிய மரங்களைப் பெரும்பாலும் நட்டவர் அவர் கிடையாது; அவர் ஊன்றிய விதையில் பெரும்பாலும் அவர் ஏறியிருக்க மாட்டார். பனைக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான், பாட்டன் மரத்தில் ஏறி பேரனுக்கு மரம் வைப்பார்கள். உங்கள் குடும்பத்தில் அந்தப் பேரன் ஏறவில்லை, அவ்வளவுதான்.

இனி வேலைக்கு வருகிறேன். மாசி பங்குனியில் பாளை வரத் தொடங்கினால் ஆடி வரைக்கும் பருவம். ஒரு ஆள் முப்பது நாற்பது மரம் வைத்திருப்பார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறியாக வேண்டும்; சிலர் மதியமும் பாளை சீவ ஏறுவார்கள். நாற்பது மரம், மரத்துக்கு ஐம்பது அடி, இரண்டு வேளை என்று போட்டால் ஒரு நாளைக்கு நாலாயிரம் அடி ஏற்றம். மணிமுத்தாறு அணையிலிருந்து மலைமேல் இருக்கிற மாஞ்சோலைக்கு ஏறுகிற உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். அதை வெறும் நெஞ்சாலும் கையாலும் காலாலும் தினமும் ஏறி இறங்க வேண்டும்.

விடிகாலை மூன்றரை நாலு மணிக்கு எழுந்தால் முதல் மரத்தடியில் இருட்டாகத்தான் இருக்கும். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து அதன்மேல் கால் வைத்து முதல் ஆளுயரத்தைத் தாண்டுவார்கள். காலில் தளைநார். இடுப்பில் அரிவாப்பெட்டி, அதில் மட்டை வெட்ட ஓர் அரிவாள், பாளை சீவ ஓர் அரிவாள். பாளை அரிவாள் எப்படிப் பதமாக இருக்க வேண்டும் என்றால், பாளையை நறுக்கக் கூடாது, மெல்லிசாகத் தோல் எடுக்கிற மாதிரி ஒரு சீவு. அதிகம் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். குறைத்துச் சீவினால் பழைய வெட்டு வாய் அடைத்துப் பதநீர் சுரக்காது. அதற்கு முன்னால் கடிப்பு என்கிற இடுக்கியால் பாளையை இடுக்கி நசுக்கிப் பழக்க வேண்டும். ஆண்பனைக்கு ஒரு கடிப்பு, பெண்பனைக்கு வேறு கடிப்பு. ஒரு மரத்துப் பாளை போல இன்னொரு மரத்துப் பாளை இருக்காது. நாற்பது மரத்தின் குணமும் அந்த ஆளின் விரலில்தான் இருக்கும், எழுதி வைக்க எங்கேயும் ஏடு கிடையாது.

மரத்தின் உச்சியில் அவர் தனிதான், இதில் சந்தேகமே இல்லை. மட்டைகளுக்கு நடுவே ஒரு காலை மடக்கி உட்கார்ந்து பழைய கலயத்தை இறக்கி, பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தை மறுபடி கட்ட வேண்டும். மேலே கதண்டு என்கிற பெரிய குளவி கூடு வைத்திருக்கும், பாம்பு இருக்கும், மரநாய் ராத்திரி வந்து கலயத்தைக் காலி பண்ணியிருக்கும். பெரியப்பா உச்சியிலிருந்து பார்த்தால் கிழக்கே கடல் தெரியும், திருச்செந்தூர்க் கோபுரம் தெரியும், தெற்கே மணப்பாட்டுக் குன்றில் சிலுவைக் கோயில் தெரியும் என்பார். இவ்வளவு பார்க்கிற மனிதர் கீழே வந்தால் பேச மாட்டார். பேசிப் பழக்கம் இல்லை. பக்கத்து மரத்தில் ஆள் இருந்தால் உச்சிக்கு உச்சி ஒரு கூவல், 'எத்தன ஆச்சு?' என்று ஒரு கேள்வி, அத்தோடு சரி. மூச்சை ஏறுவதற்கு வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் தாத்தா பாட்டி இறந்த பிறகுதான் பேச்சைக் குறைத்தார் என்று வீட்டில் சொன்னால் அவருடைய வயதுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர் எப்போதுமே அப்படித்தான் இருந்திருப்பார், பாட்டி இருந்தவரை அது வெளியே தெரியாமல் இருந்திருக்கும்.

சரி, பாட்டிக்கு வருவோம். பதநீர் காத்திருக்காது. கலயத்துச் சுண்ணாம்பு அது புளிப்பதைத் தடுக்கும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். வெயில் ஏற ஏற அது கெடும். புளித்த பதநீரைக் காய்ச்சினால் எவ்வளவு விறகு எரித்தாலும் கருப்பட்டி கட்டியாகாது, பிசுபிசுவென்று இளகி நிற்கும். அதனால் மரத்திலிருந்து இறங்கியதும் அடுப்பில் ஏறியாக வேண்டும். ஏறுகிற ஆளே காய்ச்சவும் முடியாது. முதல் மரத்துப் பதநீர் அடுப்பில் கொதிக்கும்போது அவர் இருபதாவது மரத்தில் இருப்பார்.

விடிலியில் நடப்பதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓலைக் கூரை, ஆள் குனிந்துதான் நுழைய முடியும். நடுவில் குழியடுப்பு. பெரியம்மா பதநீரை வடிகட்டிச் சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டுத் தெளிவை மட்டும் தாச்சி என்கிற காய்ச்சுகிற பாத்திரத்தில் ஊற்றுவார். பனைமட்டை, சில்லாட்டை, உடைமுள், கொல்லாஞ்சருகு, கிடைத்தது எல்லாம் விறகு. மூன்று நாலு மணி நேரம் அந்தத் தீயின் முன்னால் இருக்க வேண்டும். முதலில் நுரை பொங்கும். ஆமணக்கு முத்தை இடித்து ஒரு சிட்டிகை போட்டால் அடங்கும். அப்புறம் நிறம் மாறும், துடுப்பு கனக்கும், கூப்பனி என்கிற கெட்டிப் பாகு ஆகும். அந்த நேரம் பிள்ளைகளை உள்ளே விட மாட்டார். ஒரு சொட்டு தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீரில் ஒரு துளி விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டு நின்றால் பதம். உடனே இறக்கித் துடுப்பால் கடைந்து, மணலில் வரிசையாகப் பதித்த சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். ஒரு நிமிஷம் முந்தினால் இளகும், ஒரு நிமிஷம் பிந்தினால் தீய்ந்த வாடை. சுமார் எட்டுப் பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி. இதையெல்லாம் கைக்குழந்தையைக் கூரையில் கட்டிய தொட்டிலில் போட்டுவிட்டு, புகையில் கண் எரிய எரியச் செய்தார்கள். கடைசிக் காலத்தில் அந்தப் பெண்களில் பாதிப்பேருக்குக் கண் மங்கியிருந்தது என்பது எங்கள் ஊரில் யாருக்கும் செய்தியே கிடையாது.

ஒரு நாள் பெரியம்மா பதநீரைத் தாச்சியில் ஊற்றும்போதே நாக்கில் தொட்டுப் பார்த்தார். பெரியப்பா குடங்களை இறக்கி வைத்துவிட்டு வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். 'கெழக்க நிக்க மரத்துக்குச் சுண்ணாம்பு பத்தல' என்றார் பெரியம்மா. பெரியப்பா பதிலே சொல்லவில்லை. எழுந்து போய்ச் சுண்ணாம்புப் பானையைக் கிளறிப் பார்த்து, கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து வைத்தார். அவ்வளவுதான் அன்றைக்கு அவர்கள் பேசிக்கொண்டது. ஆனால் பாருங்கள், மரத்துப் பக்கமே போகாத பெண்ணுக்கு எந்த மரத்துக் கலயம் எது என்று நாக்குக்குத் தெரிகிறது. சுண்ணாம்பு கூடினால் கருப்பட்டி கருத்துக் கரிக்கும், குறைந்தால் புளிக்கும். அடுப்படியிலிருந்து வந்த சொல்லைக் கேட்டுத்தான் மரத்தில் கை திருந்தியது. உச்சியில் தனியாக இருந்த ஆளோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது அந்தத் தாச்சிதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

கணக்கும் பெரும்பாலும் அந்தப் பெண்களிடம்தான். மரம் பலருக்குச் சொந்தம் கிடையாது, பாட்டம் என்கிற குத்தகைக்கோ பங்குக்கோ எடுத்து ஏறுவது. ஐப்பசி கார்த்திகை மழையில் வருமானம் இல்லை. அப்போது உடன்குடியிலோ திசையன்விளையிலோ வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். பருவத்தில் கருப்பட்டி மலிந்து விலை விழுந்திருக்கும். முன்பணம் வாங்கியவர் அந்த விலைக்கே போட்டாக வேண்டும். அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் புகையில் வைத்துப் பழசாக்கி மார்கழி தையில் விற்றால் நல்ல விலை. அப்படி வைக்க முடிந்த குடும்பம் மேலே வந்தது, முடியாதது அப்படியே கிடந்தது. இருபது கருப்பட்டியை வியாபாரி கண்ணில் படாமல் பரணில் ஒளித்து மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பெண்கள் உண்டு. பெரியப்பாவுக்கு முன்பணம் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டால் உள்ளே கையைக் காட்டுவார்.

இந்த இடத்தில் பெரிய உலகம் எப்போது வந்து போனது என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குலசேகரப்பட்டினத்தில் பாரி கம்பெனியின் ஆலை ஒன்று இருந்தது, பனங்கருப்பட்டியிலிருந்து சீனி எடுக்க. அதை ஒட்டித் திசையன்விளைக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே சின்ன ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குள் இரண்டும் முடிந்துபோயின. தண்டவாளம் போன பிறகு மரமும் அடுப்பும் மறுபடி பழையபடி. 1948இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. நடுவில் தளர்ந்து மறுபடி இறுகி, 1987 தொடக்கத்திலிருந்து கள்ளுக்கு முழுத் தடை. சுண்ணாம்பு போட்ட கலயம் பதநீர், போடாதது கள். சோதனைக்கு வருகிறவர்கள் கையில் சுண்ணாம்பு இல்லாத ஒரு கலயம் சிக்கினால் வழக்கு. பதநீர் மட்டுமே இறக்கியவர்களும் அந்தப் பயத்தில்தான் ஏறினார்கள். 1978இல் பனையை மாநில மரமாக அறிவித்தார்கள். ஏறுகிறவனின் பயம் அதனால் குறையவில்லை.

இழப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பனையேறிக் குடும்பத்துக்கு முதல் பயம் விழுவதுதான். மழை நனைத்த மரம் வழுக்கும், ஆடிக் காற்றில் உச்சி ஆடும், கதண்டு கொட்டினால் கை தானாக விடும், பட்டுப்போன மட்டையை நம்பிப் பிடித்தால் அது கையோடு வரும். விழுந்தவர்களில் செத்தவர்கள் ஒரு பங்கு, முதுகு ஒடிந்து வருஷக்கணக்கில் கட்டிலில் கிடந்தவர்கள் ஒரு பங்கு. தேரிக்குள் விழுந்தால் உடனே யாருக்கும் தெரியாது. விடிலியில் இருக்கிற பெண் பதநீர் வரக் காணோமே என்று வெளியே வந்து பார்ப்பார். அந்த ஒரு கணத்தைத் தாண்டாத பனையேறி வீட்டுப் பெண் கிடையாது. பெரும்பாலான நாள் ஏறப் போனவர் பக்கத்து ஆளிடம் நின்று பேசிக்கொண்டிருப்பார், அல்லது அரிவாள் தீட்டிக்கொண்டிருப்பார். சில வீடுகளில் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மணலில் வண்டி வராது, தார் ரோடு வரைக்கும் தோளில்தான். அங்கிருந்து திருச்செந்தூர், முடியாவிட்டால் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி.

இந்தப் பயத்துக்கு எல்லாரும் தயாராக இருந்தார்கள். சாமிக்கு நேர்ந்துகொள்வார்கள், முதல் பாளைக்குப் பூஜை போடுவார்கள், மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஆண் விழுந்தால் என்ன செய்வது என்று குடும்பத்தில் ஒரு திட்டம் இருந்தது: மைத்துனன் அந்த மரங்களை எடுத்துக்கொள்வான், பெண் அவனுக்குக் காய்ச்சிக் கொடுப்பாள், அவளுக்கு ஒரு பங்கு. காய்ச்சுகிறவள் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கு யாரிடமும் திட்டம் இல்லை. அவள் எங்கும் போக மாட்டாள் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

உங்கள் தாத்தாவுக்கு நடந்தது அதுதான். 1988ஐ நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் சென்னையில். மருமகள் யாரும் விடிலி அடுப்பைப் பார்த்ததில்லை. கூலிக்குக் காய்ச்ச ஆள் வைக்கலாமா என்றால், அந்தக் கூலியைக் கருப்பட்டி விலை தாங்காது. சீனி கலந்த கருப்பட்டி சந்தைக்கு வந்து அசல் சரக்கின் விலையை அமுக்கத் தொடங்கியிருந்தது. பதநீரை அப்படியே விற்கலாமே என்றால் நாற்பது மரத்துப் பதநீரை வெயில் ஏறுமுன் குடிக்க ஆள் வேண்டும். ரோட்டோரத்தில் ஓலைப்பட்டையில் ஊற்றி விற்பதெல்லாம் அஞ்சாறு மரத்துக்குச் சரி. ஆக அவருக்கு முன்னால் இருந்த வழி ஒன்றே ஒன்று, நிறுத்துவது. மரத்திலிருந்து அவரை இறக்கியது கணக்கும்தான் துக்கமும்தான். எது எவ்வளவு என்று பிரிக்க அவராலேயே முடிந்திருக்காது. பாளை சீவிக்கொண்டே இருந்த கை இரண்டு மூன்று நாள் விட்டால் பாளை காய்ந்து அந்தப் பருவம் போய்விடும். பாட்டியின் கருமாதி முடிகிறவரை பக்கத்து ஆள் சீவிக் கொடுத்திருப்பார், அது எங்கள் பக்கத்து மரியாதை. அதற்கு மேல் யார் சீவுவார்கள்?

இன்னொரு விஷயம், இதைச் சொல்வது உங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாமாருக்கும் ஆறுதலாக இருக்கலாம். பிள்ளைகள் ஏறக் கூடாது என்று முடிவு செய்தது பெரும்பாலும் ஏறிய தலைமுறைதான். வருமானம் மட்டும் காரணம் கிடையாது. இந்த வேலையோடு சேர்த்து ஒரு இழிவைச் சாதியின் பெயரால் ஏற்றி வைத்திருந்தார்கள். கோயில் வாசல் வரைக்கும் அது வந்தது, கோயிலுக்குள் விடுவதா என்கிற சண்டையில் 1899இல் சிவகாசியில் ரத்தமும் சிந்தியது. அதெல்லாம் தாத்தாக்களின் தாத்தாக்கள் காலம் என்றாலும், நெஞ்சில் காய்ப்புத் தழும்போடு பஸ்ஸில் ஏறினால் ஒதுங்கி உட்காருகிறவர்களை என் பெரியப்பா பார்த்திருக்கிறார். அரிவாப்பெட்டியை மகன் தொட்டால் திட்டுவார். மகனைச் சென்னையில் பலசரக்குக் கடைக்குப் பொட்டலம் கட்ட அனுப்பிய அன்று அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். பிள்ளை தப்பித்தான் என்கிற சந்தோஷம். இதோடு நம் மரத்துக்கு ஆள் இல்லை என்கிற அறிவு. இரண்டும் ஒரே நாளில் வந்தன. உங்கள் தாத்தாவும் தன் தொழிலின் முடிவுக்குத் தானே பஸ் டிக்கெட் வாங்கிக் கொடுத்தவராகத்தான் இருப்பார். பிள்ளைகள் கைவிட்டார்கள் என்று அவர் நினைத்திருப்பார் என எனக்குத் தோன்றவில்லை.

சென்னையில் ஏன் தங்கவில்லை என்பதற்கும் பெரிய மர்மம் தேவையில்லை. நாற்பது வருஷமாக விடியுமுன் எழுந்து, வெயிலுக்கும் காற்றுக்கும் பாளைக்கும் பார்த்து நாளை ஓட்டியவர், மாடிவீட்டுக் கூடத்தில் டிவி முன்னால் என்ன செய்வார்? மூன்றரை மணிக்கு முழித்துவிடுவார், வீடு ஏழு மணிக்குத்தான் எழும். எங்கள் ஊரில் அப்படிப் போய்த் திரும்பி வந்தவர்கள் நிறைய. திரும்பி வந்து தேரியோரம் ஓலைக் குடிசையில் இருந்தவர்கள் சும்மா இருந்ததில்லை. ஓலை வெட்டிப் போடுவார்கள், மட்டை நார் கிழித்துக் கட்டில் பின்னுவார்கள், கொட்டான் முடைவார்கள், பனம்பழம் பொறுக்கிக் கிழங்குக்குப் பாத்தி போடுவார்கள், விழுந்த கொட்டையை மணல் சரிகிற இடமாகப் பார்த்து ஊன்றிவிட்டு வருவார்கள். கூலி கிடைக்காத வேலை என்பதால் சொந்தக்காரர்கள் அதை வேலையாகக் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் வீட்டில் சோம்பல் என்று சொல்கிற கட்சிக்கு இதைச் சொல்லுங்கள். அவர் இருந்த விடிலியைச் சுற்றி இப்போது இருபத்தைந்து முப்பது வயது மதிக்கிற பனை நின்றால் அது தானாக முளைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

விடிலியிலேயே ஏன் இருந்தார், ஊருக்குள் வீடு இருந்ததே என்று கேட்டிருந்தீர்கள். பருவத்தில் ஆறு மாதம் அவர்கள் இருவரும் வாழ்ந்தது விடிலியில்தான். ஊர் வீடு பிள்ளைகள் படிக்கவும் மழைக்கு ஒதுங்கவும். பாட்டியோடு அதிகம் இருந்த இடம் எது என்று கேட்டால் அவருக்கு அதுதான் வீடு.

இதற்கு மேல் உங்கள் தாத்தாவைப் பற்றி என்னால் சொல்ல முடியாது; உங்கள் ஊரில்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று மட்டும் சொல்கிறேன். பங்குனி சித்திரையில் போங்கள், அப்போதுதான் அடுப்பு எரிகிற விடிலி இருக்கும். குறைந்துவிட்டாலும் உடன்குடி, பரமன்குறிச்சி, குட்டம் பக்கம் இன்னும் ஏறுகிறார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. செங்கல் சூளைக்கு வெட்டியது போக மிச்ச மரங்களுக்கு 2021இலிருந்து கலெக்டர் அனுமதி இல்லாமல் கோடாலி வைக்கக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பழைய தடங்கள் சில அந்த வேலைக்குள் போயிருக்கும், அதனால் உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காலை நாலு மணிக்கு மரத்தடியில் இருங்கள், ஏறும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், போட்டோ எடுப்பதாக இருந்தால் அவர் இறங்கிய பிறகு கேட்டுக்கொண்டு எடுங்கள்.

தாத்தா வயது ஆண்களிடம் கேட்டால் எத்தனை மரம், எவ்வளவு உயரம், யார் விழுந்தார் என்று சொல்வார்கள். பாட்டியைப் பற்றிக் கேட்டால் 'நல்ல மனுஷி' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதனால் விடிலியில் காய்ச்சிய ஆச்சிமார் யாராவது இருந்தால் அவர்களிடம் உட்காருங்கள். உங்கள் பாட்டியின் சரக்கு எப்படி இருக்கும், எந்த வியாபாரிக்குப் போட்டார், முன்பணம் எவ்வளவு நின்றது, யார் மரத்தைப் பாட்டத்துக்கு எடுத்திருந்தார்கள், அவர் படுத்த பிறகு அந்தப் பருவத்தின் கடைசித் தாச்சியை யார் காய்ச்சியது என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் கட்டாயம் பதில் இருக்கும், ஏனென்றால் பதநீர் இறங்கியிருந்தால் யாராவது ஒருத்தி வந்து காய்ச்சித்தான் இருப்பாள். அந்தப் பெண் உயிரோடு இருந்தால் உங்கள் தாத்தாவைப் பற்றி உங்கள் வீட்டில் எல்லாரையும்விட அதிகம் அவருக்குத் தெரியும்.